துரைக்கு ஒரு கால் குறைவு

நுவரெலியா
9.5.2024

ஆண்டியப்பனுக்கு, பைஸர் எழுதுவது.

இருபது தடவைக்கு மேல் உனக்குக் கோல் எடுத்தேன். முதல் சில தடவை மணி அடித்தது. பிறகு அதுவும் இல்லை. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று சிவசாமி சொன்னான். அதனால்தான் இந்தப் பேனா. தபால் கந்தோரில் முத்திரை கேட்டதும் உள்ளே இருந்த பிள்ளை என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தது. இந்தக் காலத்தில் யாருக்கு எழுதுகிறார் இந்த மனுசன் என்று நினைத்திருக்கும்.

நீ போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அன்று நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். புத்தாண்டுக்கு முதல் நாள். வாவிக்கரை முழுக்க சீசன் கூட்டம். முந்தின நாள்தான் நீ லீவு கேட்டாய், நான் முடியாது என்றேன். விடிந்து பார்த்தால் நம் குதிரை துரை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி நொண்டுகிறது. லீவு கிடைக்காத கோபத்தில் நீ காலில் அடித்துவிட்டாய் என்று எனக்குப் பட்டது. கேட்டுவிட்டேன். கேட்ட விதம் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். காலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய் என்றேன். நீ செய்யவில்லை. கடிவாளத்தைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். செய்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், இல்லையா?

இப்போது துரையின் கதையைக் கேள். நீ போனதிலிருந்து சிவசாமிதான் சேணம் கட்டுகிறான். வாரை இறுக்கும்போது துரை வயிற்றை உப்பிக்கொள்கிறான். எல்லாம் இறுக்கமாக இருக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம். போன சனிக்கிழமை, அவன் நொண்டாத ஒரு நாள், கொழும்பிலிருந்து வந்த ஒரு பெரிய உடம்பு ஐயா ஏறி உட்கார்ந்தார். இருபது அடி போனதும் துரை மூச்சை விட்டான். சேணம் அப்படியே சுற்றிக்கொண்டது. ஐயா வயிற்றுக்குக் கீழே தொங்கினார். துரை திரும்பி அவரைப் பார்த்து மேலுதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினான். ஐயாவின் பெண்டாட்டி ஃபோட்டோ எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

நீ இருந்தவரை இப்படி ஒருநாளும் நடக்கவில்லை. என்ன செய்தாய் என்று எழுது. முடிந்தால் நேரில் வந்து சொல்.

பைஸர்


டயகம
20.5.2024

முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வாரை இறுக்கும்போது அவன் வாயில் ஒரு பிஸ்கட் வைக்கவும். சப்பிக்கொண்டே மூச்சுப் பிடிக்க அவனுக்கு வராது. சப்பி முடிப்பதற்குள் கட்டிவிட வேண்டும். சிவசாமியை விலாவில் குத்த வேண்டாம் என்று சொல்லவும், குத்தினால் ஒரு வாரம் ஞாபகம் வைத்திருப்பான்.

மழைக்குத் தேங்கிய தண்ணீரைத் தாண்ட மாட்டான். கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவனைச் சுற்றிப் போக விடவும். குடையைக் கண்டால் பயப்படுவது போல் நடிப்பான், பயமெல்லாம் கிடையாது. வெள்ளைக்காரர் தொப்பி போட்டு வந்தால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லவும்.

நான் இங்கே தோட்டத்தில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிறேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குத் தூக்குகிறேன். வேறு விசேஷம் இல்லை.

குதிரை என்ன தப்புச் செய்தது? அதனால்தான் எழுதினேன்.

ப. ஆண்டியப்பன்


நுவரெலியா
28.5.2024

ஆண்டிக்கு,

முதலாளி என்று எழுதியிருந்தாய். வேலைக்கு வந்த முப்பது வருஷத்தில் முதல் தடவை, எப்போதும் அண்ணன் முறையில் ‘நானா’ தானே. கடிதத்தை வீட்டில் அஸீலாவிடம் காட்டினேன். அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டு என் கையில் திருப்பித் தந்தாள். இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேச்சில்லை.

பிஸ்கட் வேலை செய்கிறது. ஆனால் இன்று எழுத வந்தது வேறு. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நேற்றிலிருந்து பேனாவை மூடித் திறந்து கொண்டிருக்கிறேன்.

நீ போன பிறகு மிருக வைத்தியரைக் கூப்பிட்டேன். எலும்பு, தசைநார், குளம்பு எல்லாம் அமத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நொண்டுகிறதே, கண்ணால் பார்க்கிறேனே. முந்தாநாள் காலையில் மோட்டார் சைக்கிளைக் கீழ்ச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். லாயத்தின் தகரத்துக்குப் பின்னால் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். துரை உதட்டால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறக்கிறான். வெளியே வந்தான். வெறும் மைதானத்தில் மூன்று சுற்று ஓடினான், ரேஸில் ஓடின நாளில் கூட இப்படி ஓடியிருக்க மாட்டான். புல்லில் புரண்டான். நான்கு காலும் ஆகாயத்தில் ஆடுகிறது, நான்கும் நல்ல கால்.

நான் மெல்லச் சந்திக்குப் போய் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் துரை லாயத்துக்குள் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறான். என் கையில் சேணத்தைக் கண்டதும் காலைத் தூக்கினான். நொண்டினான். என்ன ஒன்று, அதுவரைக்கும் இடது கால். முந்தாநாள் அவசரத்தில் வலது காலைத் தூக்கிவிட்டான்.

அங்கேயே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, முழுதாகச் சிரிக்க முடியவில்லை. நீ அவனை அடிக்கவில்லை. அடிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க நான் தகரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்க வேண்டியதில்லை, உன் முகத்தைப் பார்த்திருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள்.

லாயக் கதவில் நீ வெள்ளைப் பெயின்டில் எழுதினது அப்படியே இருக்கிறது. ரேஸில் கடைசியாக வந்த குதிரை, ஒரு வேலையும் செய்யாமல் நிமிர்ந்து நின்று எல்லோரையும் பார்க்கிறது, அசல் தோட்டத்துத் துரைதான் என்று பெயர் வைத்தவன் நீ. ‘துரை லாயம்’ என்று எழுதப் போய் எழுத்துக்கு ஒரு காலை விட்டுவிட்டு ‘துரை லயம்’ என்று எழுதி வைத்தாய். துரை எப்போதிருந்து தோட்டத் தொழிலாளி மாதிரி லயத்துக் காம்பராவில் குடியிருக்கிறார் என்று சிவசாமி கேட்டான். “லயத்துல பொறந்தவன் கைக்கு லயம்னுதான் வரும் நானா” என்று நீ சொன்னாய். எல்லோரும் சிரித்தோம்.

திரும்பி வா. உன் இடம் அப்படியே இருக்கிறது.

பைஸர்


டயகம
8.6.2024

முதலாளி அவர்களுக்கு,

காலுக்கு மன்னிப்புக் கேட்டீர்கள். அது சரி. சந்தேகப்படுவது மனுசர் குணம், நானும் யாரையாவது சந்தேகப்பட்டிருப்பேன். அதைப் பெரிசாக எடுக்கவில்லை.

அன்று நீங்கள் சொன்ன ஒரு சொல் இருக்கிறது. இரண்டு கடிதம் எழுதிவிட்டீர்கள். துரை தேங்கின தண்ணீரைச் சுற்றிப் போகிற மாதிரி அதைச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள். “கேட்ட விதம் சரியில்லை” என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதானா?

என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு வேலைக்கு வந்திருப்பேன். மகள் வினோதா பக்கத்தில் நின்றாள். எனக்கு லீவு இல்லாததால், நீங்கள் புத்தாண்டுப் பலகாரம் இல்லாமல் இருக்கக் கூடாதென்று அஸீலா அக்காவுக்கு ஒரு கேரியர் நிறைய முறுக்கும் அச்சுப் பலகாரமும் கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கேரியரை வேலிக் கட்டையில் மாட்டிவிட்டு என் பக்கம் வரும்போதுதான் நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், அக்கரப்பத்தனை தாண்டின பிறகு கேட்டாள்: “அப்பா, இவ்வளவு வருஷமா அவங்க மனசுல ஒங்களுக்கு அதுதான் பேரா?”   அவள் இப்போது நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிப்பிக்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்கும் நாளைக்கு யாராவது அந்தப் பேரை வைப்பார்கள்.

துரை வலது காலைத் தூக்கினான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது நானும் சிரித்தேன். பிறகு சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

ப. ஆண்டியப்பன்


நுவரெலியா
24.6.2024

ஆண்டிக்கு,

எழுதுகிறேன். “தோட்டக்காட்டான் புத்தி எங்க போகும்?” என்றேன். உன் மகள் முன்னால், குதிரைக்காரர்கள் முன்னால், குதிரை ஏற வரிசையில் நின்ற சனங்கள் முன்னால்.

இதை எழுத இரண்டு கிழமை எடுத்தது. ஹஜ்ஜுப் பெருநாள் அன்று கூட எல்லோரையும் கட்டிப் பிடித்து முபாரக் சொல்லிவிட்டு வந்து, இந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்து எழுந்து போனேன். கோபத்தில் வந்த சொல் என்று எழுத நினைத்தேன். அது பொய். கோபத்தில் குதிரைக்காரன், நன்றி கெட்டவன் என்று எத்தனையோ வந்திருக்கலாம். உள்ளே அது இருந்ததால்தான் வந்தது.

எப்படி உள்ளே போனது என்று யோசித்தேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. டயகம பஸாரில் எங்கள் வாப்பாவின் கடை. நானும் உன் தோட்டப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். ஆறாம் வகுப்புக்கு என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். நான் வாயைத் திறந்து “வந்தாங்க, போனாங்க” என்று தோட்டத்துப் பேச்சுப் பேசியதும் வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெயர்தான். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்து கடைக்குப் பின்னால் அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன். நீ வந்து ஏன் என்று கேட்டாய். சொன்னேன். நீ கேட்டாய்: “அது திட்டா நானா? நான் அது நம்ம ஊர்க்காரங்க பேருன்னு நெனச்சேன்.”

திட்டுத்தான் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். உனக்கு அப்போது ஒன்பது வயது. அதற்குப் பிறகு டவுனில் அந்தப் பெயரிலிருந்து தப்பிக்க, புதிதாக வந்த பிள்ளைகளை நானே அப்படிக் கூப்பிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அன்று நின்ற அதே வேலியடியில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். சிவசாமி, திலக்ஷன், மற்றவர்கள் எல்லோரும் வந்தார்கள். குதிரை ஏற வந்த சனங்களும் ஏதோ வித்தை என்று கூடிவிட்டார்கள். ஆண்டியப்பன் குதிரையை அடிக்கவில்லை, நான் சொன்னது பழி என்று தொடங்கினேன். அந்தச் சொல்லுக்கு வந்தபோது துரை பின்னாலிருந்து என் கம்பளித் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்விட்டான். கூட்டம் சிரித்தது. துரத்திக்கொண்டு போகலாம் என்றுதான் கால் வந்தது. போனால் திரும்பி வந்து தொடங்கத் தைரியம் இருக்காது என்று தெரியும். மொட்டைத் தலையோடு நின்று அந்தச் சொல்லைச் சொன்னேன், நான் சொன்னது கேவலம் என்றும் சொன்னேன். துரை தொப்பியை ஆட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள், அவனுக்கு.

சனம் கலைந்த பிறகு சிவசாமி கிட்டே வந்தான். “நானா, அன்னைக்கு நீங்க ஆண்டிய மட்டும் சொல்லல. நாங்க ஏழு பேரு பக்கத்துல நின்னோம். எல்லாருக்கும்தான் பட்டுச்சு. மறுநாளும் ஒங்க குதிரைக்கு நாங்கதான் புல்லுப் போட்டோம்” என்றான். எனக்கு அது தோன்றவேயில்லை. உன் ஒருவனுக்குத்தான் கடன்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேரியர் என்னிடம்தான் இருக்கிறது. அன்று நீங்கள் போன பிறகு துரை மூடியைத் தள்ளிவிட்டு முறுக்கு முழுவதையும் தின்றுவிட்டான். நொண்டிக்கொண்டே போய்த் தின்றான்.

வா என்று கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை.

பைஸர்


டயகம
3.7.2024

நானாவுக்கு,

சிவசாமி எனக்கு முதலே கோல் எடுத்துச் சொல்லிவிட்டான். தொப்பிக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். பிறகு, தனக்கும் பட்டதை உங்களிடம் சொன்னதாகச் சொன்னான். நான் கோலை வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீங்கள் இவ்வளவு எழுதின பிறகு நான் எழுதாமல் இருப்பது அசிங்கம். முதல் கடிதத்தில் ஒன்று கேட்டீர்கள், கற்பூரம் ஏற்றியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும் இல்லையா என்று. முடிந்திருக்காது.

ஐந்து வருஷம் இருக்கும். வினோதாவைக் கல்வியியற் கல்லூரியில் கொண்டுபோய் விட வேண்டிய நாள். உங்களிடம் லீவு கேட்டேன், கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டீர்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்கிறது, நான் இங்கே குதிரை பிடித்துக்கொண்டு நிற்பதா? அன்று காலையில் துரையை லயத்தில் கட்டி, நல்ல காலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசித் துணி சுற்றினேன். கால் பிசகிவிட்டது, இரண்டு நாள் நிற்க வேண்டும் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் பதறிப் போய் ஒரு பை காரட் வாங்கி வந்து உங்கள் கையாலேயே அவனுக்கு ஊட்டினீர்கள். சீனியும் கொடுத்தீர்கள். நான் மகளோடு பஸ் ஏறினேன்.

துரை அதை மறக்கவில்லை. காலைத் தூக்கினால் சேணம் வராது, காரட் வரும். பிறகு களைத்த நாளிலெல்லாம் தூக்கத் தொடங்கினான். முதல் தடவை நானும் பயந்துவிட்டேன். காலை அமத்திப் பார்த்ததும் விளங்கியது. நான் ஒரு நாள் நடித்தேன், அவன் அதையே தொழிலாக வைத்துக்கொண்டான்.

அன்று காலை அவன் நொண்டியபோது அது நடிப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய பொய்யும் சேர்ந்து வெளியே வரும். நீங்களோ “இந்தக் காலுக்கு நீ ஒண்ணும் செய்யல்லண்டு கற்பூரம் அடி” என்றீர்கள். செய்தவன் எப்படி அடிப்பது? முனியாண்டிக்கு நான் என்ன பதில் சொல்வது?

அதற்குப் பிறகு நீங்கள் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். இதைத்தான் எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தச் சொல் என்னைக் கொன்றது உண்மை. அதே நேரத்தில் உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய சொல்லுக்குப் பின்னால் என் பொய் போய் ஒளிந்துகொண்டது. மூன்று மாதமாக என் மகள் கண்ணில் நான் ஒரு தப்பும் செய்யாத அப்பா. உங்களைப் பற்றி அவள் கோபமாகப் பேசும்போதெல்லாம் நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவளிடம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்காகச் செய்த பொய் என்று சொன்னால் பாரத்தை அவள் தலையில் வைப்பது போலாகும். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, ஒட்டாமல், தபாலில் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுக்கப் போகிறேன். தபால் கந்தோர் அவள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. படி என்றும் சொல்லமாட்டேன், படிக்காதே என்றும் சொல்லமாட்டேன்.

ஆண்டி


நுவரெலியா
10.7.2024

ஆண்டிக்கு,

கடிதம் வந்தது. உறை நன்றாக ஒட்டி, ஓரத்தில் டேப்பும் போட்டு வந்தது.

படித்துவிட்டு முதலில் அந்தக் காரட்டைத்தான் நினைத்தேன். அன்று அந்தத் துணி சுற்றின காலைத் தடவிக் கொடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குதிரைக்குக் கொடுத்த இரண்டு நாளை உனக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீ பொய் சொன்னாய் என்று எழுதுகிறாய். உன்னைப் பொய் சொல்ல வைத்தவனுக்கு என்ன பெயர் என்று எழுதவில்லை.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ‘துரையை லயத்தில் கட்டி’ என்று எழுதியிருந்தாய், வழக்கம் போல. அதற்கு ஒரு கால் போட்டிருக்கிறது. சிவப்பு மையில், வாத்தியார்மார் கொப்பி திருத்துகிற அதே மாதிரி. வேறு எங்கேயும் ஒரு கோடும் இல்லை. முழுவதையும் படித்தவள் அந்த ஒரு காலை மட்டும் போட்டுவிட்டு உறையை ஒட்டியிருக்கிறாள். கடைசித் தாளின் அடியில், அதே மையில், பொடி எழுத்தில்: ‘ஞாயிறு காலை பஸ்ஸில் அப்பாவைக் கூட்டி வருகிறேன்.’ உன்னிடம் சொன்னாளோ இல்லையோ தெரியாது. சொல்லாவிட்டால் இதைப் படித்துத் தெரிந்துகொள்.

நான் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு லாயக் கதவுக்குப் போனேன், அந்தக் காலைப் போட்டுவிடலாம் என்று. பிரஷ்ஷைத் தோய்த்த பிறகு விட்டுவிட்டேன். அதைப் போடுகிற உரிமை எனக்கு இல்லை. உனக்கோ அவளுக்கோ இருக்கலாம்.

கேரியரைக் கழுவி வைத்திருக்கிறேன். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் உன் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. மூன்று மாதமாக அதில் என்ன போடுவதென்று தெரியாமல்தான் அலுமாரியில் வைத்திருந்தேன். வட்டிலாப்பம் செய்து தருகிறேன் என்கிறாள் அஸீலா. என்னோடு பேசத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் அதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. உனக்குக் கடிதத்தில் எழுதினேன், மற்றவர்களுக்கு வாவிக்கரையில் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்து இன்னும் சொல்லவில்லை.  ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குத் துரையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவனைப் பிடித்துக்கொண்டு நின்றால் என் கால் நடுங்குவது அவளுக்குத் தெரியாது.

பைஸர் நானா